வாரண்டியில் கொடுத்தால் ரிப்பேர் ஆகி வருமா, புதுசு வருமா?

கம்ப்யூட்டர் பாகங்களோடு வரும் வாரண்டி காகிதத்தை யாரும் படிப்பதில்லை. என் மதர்போர்டு போகும்வரை நானும் படித்ததில்லை. எந்தக் கம்பெனியை எடுத்தாலும் விஷயம் ஒன்றுதான்: பழுதானால் சரிசெய்து தருவோம் அல்லது மாற்றித் தருவோம், இரண்டில் எது என்பதை நாங்களே முடிவு செய்வோம். அதனால் "எனக்குப் புதுசுதான் வேண்டும்" என்று சர்வீஸ் சென்டரில் குரலை உயர்த்திப் பிரயோஜனம் இல்லை. ஆனால் எந்தப் பாகத்துக்கு என்ன நடக்கும் என்பதை ஓரளவு முன்பே சொல்லிவிடலாம், ஏனென்றால் எல்லாம் அதைத் திறந்து பழுது பார்க்கிற கூலி கட்டுப்படியாகுமா என்ற கணக்குதான்.

ராம் (மெமரி), புராசஸர் இரண்டையும் யாரும் ரிப்பேர் செய்வதில்லை, மாற்றித்தான் தருவார்கள். கிங்ஸ்டன், கோர்செர் மாதிரி கம்பெனிகள் பெரும்பாலான ராமுக்கு லைஃப்டைம் வாரண்டி தருகின்றன. ஜோடியாக விற்ற ராம் என்றால் ஒன்று மட்டும் போயிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே கேட்பார்கள், அத்தனை நாள் மெஷினை ஓட்ட வேறு ராமுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். புராசஸரில் பார்க்க வேண்டியது அது பெட்டியோடு வந்ததா என்பதுதான். இன்டெல், ஏஎம்டி இரண்டுமே பெட்டியில் வரும் புராசஸருக்கு பொதுவாக 3 வருடம் நேரடியாகத் தருகின்றன. விலை குறைவு என்று பெட்டி இல்லாத 'ட்ரே' சிப்பை வாங்கினால், கடைக்காரர் சொன்ன வார்த்தைதான் வாரண்டி. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் அதிக வோல்டேஜால் கெட்டுப்போகிற பிரச்சனை 2024-ல் பெரிதாக வெடித்த பிறகு, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு கம்பெனியே 2 வருடம் கூட்டி 5 ஆக்கியது. பயாஸ் (மதர்போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் போட்டால் இனிமேல் கெடாமல் காக்கும், ஏற்கெனவே அடிபட்ட சிப் அதனால் குணமாகாது. அப்படி அடிக்கடி கிராஷ் ஆகிற மெஷின் வைத்திருப்பவர்கள் மூன்று வருடம் தாண்டிவிட்டது என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

ஹார்ட் டிஸ்க்கும் மாற்றம்தான், ஆனால் இங்கேதான் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். திரும்பி வருவது பெரும்பாலும் வேறொருவர் திருப்பிக் கொடுத்து, கம்பெனி சரிபார்த்துப் புதுப்பித்த டிஸ்க். லேபிளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இது மோசடி இல்லை, வாரண்டி நிபந்தனையிலேயே எழுதியிருக்கும். நீங்கள் கொடுத்த டிஸ்க் திரும்பி வராது, அதில் இருந்த கல்யாண போட்டோவும் வராது. டேட்டாவுக்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்பதில்லை, பேக்கப் இல்லை என்றால் வாரண்டியை மறந்துவிட்டு முதலில் ரெக்கவரி செய்பவரிடம் போங்கள். சுழலும் பாகம் இல்லாத புது வகை டிஸ்க்கான எஸ்எஸ்டி-க்கு வருடம் மட்டும் கணக்கில்லை, எவ்வளவு எழுதினீர்கள் என்பதும் உண்டு. சாம்சங் 870 ஈவோ 1 டிபி-க்கு 5 வருடம் அல்லது 600 டெராபைட் எழுதும்வரை, எது முந்துகிறதோ அது. வீட்டு உபயோகத்தில் அந்த அளவைத் தொடுவது கஷ்டம், விடுங்கள்.

கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்-ஸையும் மாற்றித்தான் தருவார்கள். திறந்து பார்க்காதீர்கள், வாரண்டி போவது இருக்கட்டும், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கிற அளவுக்குக் கரண்ட் நிற்கும்.

மீதி இருப்பது மதர்போர்டும் கிராபிக்ஸ் கார்டும். இவை விலை அதிகம், பாகத்தை மாற்றினால் பிழைக்கும், அதனால் இவற்றைத்தான் உண்மையில் ரிப்பேர் செய்கிறார்கள், அல்லது ஏற்கெனவே ரிப்பேர் செய்து ஸ்டாக்கில் வைத்திருக்கும் வேறொன்றைத் தருகிறார்கள். மாடல் நின்றுபோயிருந்தால் அதற்கு ஈடான வேறு மாடல் வரலாம். அதிகமாக ரிஜெக்ட் ஆவதும் இவைதான்: எரிந்த தடம், தண்ணீர் பட்ட கறை, துரு, புராசஸர் உட்காரும் சாக்கெட்டில் வளைந்த பின். என் போர்டு அப்படித்தான் திரும்பி வந்தது. நான் கொடுக்கும்போது சாக்கெட்டில் பின் எல்லாம் நேராகத்தான் இருந்தது என்று இன்றும் நம்புகிறேன், ஆனால் கையில் ஒரு போட்டோ கூட இல்லை, பொருளை வாங்கும்போது சர்வீஸ் சென்டரில் எழுதும் ஜாப் ஷீட்டில் "கண்டிஷன்" என்ற கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தேன். என்ன பேச முடியும்? இப்போதெல்லாம் கவுண்டரிலேயே சாக்கெட்டை நன்றாக வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, "பின் சரி, எரிந்த தடம் இல்லை" என்று ஜாப் ஷீட்டில் அவர் கையாலேயே எழுதவைத்துவிட்டுத்தான் நகர்வேன். புது போர்டில் சாக்கெட்டின் மேல் வரும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். அது இல்லாமல் போர்டை வாங்க மாட்டேன் என்கிற சர்வீஸ் சென்டர்கள் உண்டு. அப்புறம், வாரண்டி இருக்கும்போதே சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் சிப் லெவல் சர்வீஸுக்குக் (போர்டில் இருக்கும் சின்னச் சின்ன பாகங்களைச் சால்டர் வைத்து மாற்றுவது) கொடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம். சால்டர் வைத்த தடம் தெரிந்தால் கதை முடிந்தது.

இதெல்லாம் ஓடுவதற்கு, வாங்குகிற அன்றே சிலது செய்திருக்க வேண்டும். பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்பார்கள், அதற்கு ஆசைப்படாதீர்கள். பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும், இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். சீகேட், டபிள்யூடி மாதிரி கம்பெனிகளின் தளத்தில் சீரியல் நம்பர் போட்டால் வாரண்டி எப்போது முடிகிறது என்று காட்டும், பணம் கொடுக்கும் முன் போனிலேயே பார்த்துவிடலாம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சரக்காக இருந்தால் இங்கே வாரண்டி செல்லாமல் போக வாய்ப்பு அதிகம். வீட்டுக்கு வந்ததும் ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் மென்பொருளை ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். முதல் சில நாளில் பிரச்சனை தெரிந்தால் கடைக்காரரே புதுசு எடுத்துத் தருவது உண்டு, அதைத் தாண்டினால் கம்பெனி கியூதான். புதுசுக்குப் புதுசு கிடைக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

ரிஜெக்ட் செய்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், வாய்ச்சொல் உதவாது. மெயில் அனுப்பியும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போக வேண்டுமானால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, 2 வருடத்துக்குள், ஆன்லைனில் புகார் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது.

மாற்றிக் கொடுத்த பாகத்துக்கு வாரண்டி பெரும்பாலும் முதலிலிருந்து ஓடாது, பழையதில் மிச்சம் இருந்ததுதான் தொடரும். அதில் வேறு சீரியல் நம்பர் இருக்கும், உங்கள் பில்லில் பழைய நம்பர் இருக்கும். அடுத்த முறை இரண்டும் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிடாமல் இருக்க, டெலிவரி ஸ்லிப்பை பில்லோடு சேர்த்து பின் அடித்து வையுங்கள்.