பீட்டா1சி இன்டெக்ரின் சோதனையில் சறுக்கும் இடங்கள்

இன்டெக்ரின்கள் செல்லைச் சுற்றுப்புறத்தோடு ஒட்டவைக்கும் சவ்வுப் புரதங்கள். அவற்றின் ஓர் அங்கமான பீட்டா1 ஒரே மரபணுவில் இருந்துதான் வருகிறது. ஆர்என்ஏ வெட்டி ஒட்டப்படும் விதத்தில் அதன் வடிவங்கள் மாறுகின்றன. பெரும்பாலான செல்களில் இருப்பது பீட்டா1ஏ. செல் பற்றிக்கொள்ளவும் பெருகவும் அது துணை நிற்கும். பீட்டா1சி நேர்மாறு: செல் சுழற்சியை ஜி1 கட்டத்தின் (டிஎன்ஏ நகலெடுப்புக்கு முந்தைய கட்டம்) பிற்பகுதியில் நிறுத்தி, டிஎன்ஏ நகலெடுப்பைத் தடுக்கும். வித்தியாசம் செல்லுக்குள் இருக்கும் வாலில் மட்டும்தான். பீட்டா1சி வாலின் கடைசி 48 அமினோ அமிலங்கள் அதற்கே உரியவை.

ஆகவே வெளிப்பகுதியைப் பிடிக்கும் ஆன்டிபாடியை வைத்து ஃப்ளோ சைட்டோமெட்ரி (ஒளிரும் செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் முறை) செய்து, "பீட்டா1 மாறவில்லை" என்று முடிவுகட்டுவது தவறு. எல்லா வடிவங்களுக்கும் வெளிப்பகுதி ஒன்றே. வாலுக்கான ஆன்டிபாடி வேண்டும். அது உள்ளே போக, செல்களை நிலைப்படுத்தி 0.1% ட்ரைட்டான் என்ற சோப்புப் பொருளைப் போட்டுச் சவ்வைத் துளைக்க வேண்டும். அல்லது பீட்டா1சி-க்கே உரிய எக்ஸானில் (மரபணுத் துண்டு) ஒரு பிரைமர் வைத்து, ஆர்என்ஏவைக் கண்டறியும் ஆர்டி-பிசிஆர் செய்யலாம். சுண்டெலி செல்களில் தேடாதீர்கள், அவற்றின் மரபணுவில் இந்த வடிவமே கிடையாது.

செல் எண்ணிக்கை குறைந்ததும் "பெருக்கம் நின்றுவிட்டது" என்று எழுதுபவர்கள் பலர். பிடி தளர்ந்து மிதந்த செல்களை மீடியத்தோடு கொட்டிவிட்டு எண்ணினாலும் எண்ணிக்கை குறையும்தானே! மிதப்பவற்றையும் திரட்டி இறந்த செல்களை மட்டும் நீலமாக்கும் ட்ரிபான் ப்ளூ சாயத்தில் எண்ணுங்கள். எம்டிடி என்ற நிறச் சோதனை காட்டுவது வளர்சிதை மாற்றம்; செல் புதிய டிஎன்ஏவை உருவாக்குகிறதா என்று பார்க்க, அதில் சேரும் இடியூ என்ற குறியீட்டுப் பொருளின் ஏற்றம்தான் சரி.

செல் சுழற்சியைத் தடுக்கும் பி27 இன்னொரு பொறி. பீட்டா1சி இந்தப் புரதத்தை உயர்த்துகிறது. தட்டு நிரம்பினாலும், சீரத்தை நிறுத்தினாலும் அதே பி27 உயரும். ஒப்பிடும் தட்டுகள் எல்லாம் ஒரே அடர்த்தியில், பாதி நிரம்பிய நிலையில் இருக்கட்டும்.

ஒட்டும் சோதனையில் சீரம் கூடாது, செல்கள் பற்றிக்கொள்ளும் புரதங்களான ஃபைப்ரோனெக்டினும் விட்ரோனெக்டினும் அதில் இருக்கின்றன. செல்களைத் தட்டிலிருந்து பிரிக்கும் ட்ரிப்சின் நொதியை அடக்கச் சீரம் ஊற்றினாலே அவை உள்ளே வந்துவிடும். சோயா ட்ரிப்சின் தடுப்பான் போடுங்கள். மில்லிக்கு 10 மைக்ரோகிராம் ஃபைப்ரோனெக்டினை 4 டிகிரியில் இரவு முழுக்கப் பூசி, சூடாக்கி ஆறவைத்த 1% பிஎஸ்ஏ-வால் (மாட்டுச் சீரம் ஆல்புமின்) மிச்ச இடத்தை அடைத்துவிடுங்கள். ஒப்பீட்டுக்கு, இன்டெக்ரின் இல்லாமலே செல் ஒட்டும் பாலிலைசின் பூசிய குழி ஒன்று தட்டில் அவசியம்.

பலர் யோசிக்காத ஒன்று: வளர்ச்சியைத் தடுக்கும் புரதத்தின் மரபணுவைச் செலுத்தி, அதை ஏற்காத செல்களை மருந்தால் கொன்று நிலையான குளோன்களைத் தேர்ந்தால், வாரக்கணக்கில் பிழைத்து வருபவை அதைக் குறைவாக உருவாக்கும் செல்களே. வேண்டும்போது மட்டும் டெட்ராசைக்ளினால் மரபணுவை இயக்கும் அமைப்பைப் பயன்படுத்துங்கள். ஒப்பீட்டுக்கு வெறும் வெக்டர் (மரபணு இல்லாத டிஎன்ஏ வாகனம்) போதாது. அதே அளவு பீட்டா1ஏ உருவாக்கும் செல்களோடுதான் ஒப்பிட வேண்டும்.