எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள்

காவல் நிலையத்துக்கு எதிரே மனு எழுதிக் கொடுப்பவன் நான். பைக் திருடு போனவர்கள் பலர் சி.எஸ்.ஆர். ரசீதோடு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது மனு வந்ததற்கான ஒப்புகை மட்டுமே. காப்பீட்டுக்கு வேண்டியது எஃப்.ஐ.ஆர். எனும் முதல் தகவல் அறிக்கை.

மனுவில் வண்டி எண், இன்ஜின் எண், சேசிஸ் எண், நிறுத்திய இடம், நேரம் எல்லாம் இருக்கட்டும். 'தாழ்மையுடன் பணிந்து' என்று அரைப் பக்கம் ஓட்ட வேண்டாம், யாரும் படிப்பதில்லை.

வழக்குப் பதிவானதும் புகார் கொடுத்தவருக்கு நகல் இலவசம். ஜெராக்ஸ் செலவு என்று யாராவது இழுத்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவைச் சொல்லுங்கள். பதியவே மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் குற்றவியல் நடுவரிடம் போகலாம். பாலியல் குற்றம் போன்றவை நீங்கலாக, பதிவான அறிக்கைகளைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் பார்க்கலாம்.