லேப்ராஸ்கோப்பித் துளையில் ஆறாத சீழ்: எங்கிருந்து வந்தது என்று தேடும் வழி

லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டு, பித்தப்பை ஆபரேஷன் முடிந்து நன்றாக வீட்டுக்குப் போனவர், மூன்று நான்கு வாரம் கழித்துத் தொப்புள் துளையில் கட்டியோடு வருகிறார். அழுத்தினால் தண்ணீராகச் சீழ். எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேட்கவில்லை. லேபில் சீழிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரிலும் ஒன்றும் வளரவில்லை. தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக நான், இப்படி இரண்டாவது ஆள் வந்த அன்றே தேட ஆரம்பித்துவிடுவேன்.

முதலில் லேபுக்குப் போன். வழக்கமாக இரண்டு நாளில் கல்ச்சர் பிளேட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இப்படிப்பட்ட சீழில் நான் முதலில் சந்தேகப்படும் மைக்கோபாக்டீரியம் இனங்களான அப்செஸ்ஸஸ், செலோனே, ஃபோர்ச்சூயிட்டம் வளர ஒரு வாரம்கூட ஆகும். "மேடம், பிளேட்டை ரெண்டு வாரம் வைங்க, ஏ.எஃப்.பி. ஸ்டெயினும் போடுங்க" என்று கேளுங்கள். ஏ.எஃப்.பி. என்பது இந்த வகைக் கிருமியைக் காட்டும் சாயச் சோதனை. பஞ்சுக் குச்சியில் தொட்டெடுக்கும் ஸ்வாபை விடச் சீழோ சதைத் துணுக்கோ அனுப்புவது நல்லது. இவை டி.பி. கிருமியின் உறவுதான், ஆனால் வழக்கமான டி.பி. மாத்திரைக்குப் பெரும்பாலும் அடங்காது. எந்த இனம் என்று தெரியாமல் டி.பி. கோர்ஸ் ஆரம்பிப்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்து பட்டியல். ஆபரேஷன் தேதி, தியேட்டர், அன்றைக்கு எத்தனையாவது கேஸ், எந்தக் கருவி செட், ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில்) வைத்ததா கிருமிநாசினி மருந்தில் ஊறியதா, எந்தத் துளை, எத்தனையாவது நாளில் கட்டி. அதே மாதங்களில் ஆபரேஷன் ஆகி நன்றாக இருப்பவர்களையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவீர்கள்? டிரெஸ்ஸிங் ரூம் அக்காவிடம் கேட்க மறக்காதீர்கள். திரும்பத் திரும்ப வரும் புண்ணை முதலில் கவனிப்பது அவர்தான்.

அதற்குப் பிறகுதான் தியேட்டர். சுவரையும் ஏ.சி.யையும் ஸ்வாப் எடுத்துக் குவிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கருவி போகும் வழியில் கூடவே போங்கள். "அண்ணே, தினமும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க" என்று டெக்னீஷியனிடம் சொல்லிவிட்டு நின்று பாருங்கள். விசாரணைத் தொனி வந்தால் உண்மை வெளியே வராது. துளையில் செருகும் குழாயான டிரோக்காரின் வால்வைக் கழற்றுகிறாரா? சதையைப் பிடிக்கும் கிராஸ்பரைப் பிரித்துக் கழுவுகிறாரா? ஒருமுறை இன்சுலேஷன் உறையை இழுத்தபோது, அடியில் கருகிய சதையும் காய்ந்த ரத்தமும் பழுப்பாக அப்பியிருந்தன. அதைத் தாண்டி எந்த மருந்தும் இறங்காது. ஊறவைக்கும் மருந்தான குளூட்டரால்டிஹைடில் 20 நிமிடம் வைப்பதை ஸ்டெரிலைசேஷன், அதாவது எல்லாக் கிருமியையும் அழிப்பது, என்று நினைக்காதீர்கள். அதற்கு 10 மணி நேரம் வேண்டும். பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் 2006-07இல் ஆயிரம் பேருக்கு மேல் சந்தேகத்துக்குரிய தொற்றோடு வந்தார்கள். அங்கே பரவிய மைக்கோபாக்டீரியம் ரகம் 2 சதவீத குளூட்டரால்டிஹைடு கரைசலையே தாங்கியது.

நான் அதிக நேரம் நிற்பது, மருந்திலிருந்து எடுத்த கருவியைத் தண்ணீரில் அலசும் கடைசி அலசலில். குழாய்த் தண்ணீரா? காலையில் காய்ச்சி, மூடாத பேசினில் மாலைவரை வைத்ததா? இந்தக் கிருமிகள் தண்ணீர்க் குழாயிலேயே குடியிருப்பவை. மருந்தில் சுத்தமான கருவியும் இங்கே மறுபடி கெட்டுவிடும். அந்தத் தண்ணீரையும் மருந்துக் கரைசலையும் ஸ்டெரைல் பாட்டிலில் எடுத்து அனுப்புங்கள். தண்ணீரில் அதே இனம் இருந்தால் மட்டும் போதாது. நோயாளியின் கிருமியோடு மரபணு அளவில் ஒத்துப்போகிறதா என்று பெரிய லேபில் பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள். அன்றே மருந்தில் ஊறவைக்கும் தொட்டியை நிறுத்தி, சூடு தாங்குவதையெல்லாம் ஆட்டோகிளேவுக்கு அனுப்புங்கள், தாங்காததை இ.டி.ஓ. (எத்திலீன் ஆக்சைடு வாயு) அல்லது பிளாஸ்மா ஸ்டெரிலைசருக்கு. செட் போதவில்லை என்றால் கேஸைக் குறைக்கும்படி கண்காணிப்பாளருக்கு எழுத்திலேயே கொடுங்கள். ஆபரேஷன் ஆனவர்களுக்கு மூன்று மாதம்வரை போன் போட்டு, ஒவ்வொரு துளையையும் தனித்தனியாகக் கேளுங்கள்.