எரிமலைப் பாறைச் சரிவுகளில் ஏமாந்துபோகும் இடங்கள்

எரிமலை நிலத்தில் சாலையோ கட்டடமோ திட்டமிடும்போது பலர் செய்யும் முதல் தவறு, கண்ணுக்குத் தெரியும் கெட்டிப் பாறையை அப்படியே நம்பிவிடுவது. எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கருநிறப் பாறையான பசால்ட் உறுதியானதுதான், சந்தேகமில்லை. ஆனால் அது பெரும்பாலும் அடுக்கடுக்காகத்தான் கிடக்கும். ஒரு குழம்பு ஓடி ஆறும். காலம் கழித்து அதன்மேல் அடுத்தது ஓடும். இரண்டுக்கும் நடுவே சாம்பலோ, மக்கிச் சிவந்த களிமண்ணோ மெல்லிய படுகையாகச் சிக்கிக்கொள்ளும். ஆறும்போது சுருங்குவதால் பசால்ட்டில் செங்குத்து விரிசல்கள் விழும். மழைநீர் அவற்றின் வழியே இறங்கி, களிமண்ணைத் தொட்டதும் மேற்கொண்டு போக வழியின்றித் தேங்கும். நீரழுத்தம் ஏற ஏற அங்கே பிடிமானம் குறையும். படுகை பள்ளத்தாக்குப் பக்கம் சாய்ந்திருந்தால், மேலே கிடக்கும் பாறை எவ்வளவு கெட்டியாக இருந்தும் பயனில்லை. துளையிட்டுப் பார்க்கும்போது முதல் கெட்டிப் பாறை தட்டுப்பட்டதுமே நிறுத்திவிடாதீர்கள்.

‘எரிமலை அடங்கிவிட்டது, இனி பயமில்லை’ என்பது இதைவிட ஆபத்தான நினைப்பு. நிகரகுவாவின் காசிட்டா மலை 1998 அக்டோபர் 30 அன்று சரிந்தபோது எரிமலை வெடிக்கவே இல்லை. மிட்ச் சூறாவளி கொட்டிய மழையே போதுமாக இருந்தது. சேற்று வெள்ளத்தில் 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். உள்ளிருந்து எழுந்த சூடான நீரும் வாயுக்களும் நெடுங்காலமாக அந்தப் பாறையை நலிவடையச் செய்திருந்தன. இப்படி மாறிய பாறை பல இடங்களில் வெளுத்தோ மஞ்சள் பூத்தோ தெரியும். சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்காது, மொத்தென்று கேட்கும். அப்படிப்பட்ட சரிவின் அடியில் குடியிருப்பு அமைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சரி, மரங்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளாதா? ஓரளவுக்குத்தான். ஜப்பானின் ஹொக்கைடோவில் 2018 செப்டம்பர் 6 நிலநடுக்கத்தின்போது காடு அடர்ந்த சரிவுகள் ஆயிரக்கணக்கான இடங்களில் வழுக்கின. அங்கே எரிமலை கக்கிய, துளைகள் நிறைந்த லேசான கல்லான நுரைக்கல்லின் பழைய படுகை சிதைந்து, நீர் கோத்த களிமண்ணாகியிருந்தது. அதற்கு மேலிருந்த மண், மரங்களோடு சேர்ந்தே இறங்கியது.

சாம்பல் மண்ணை வெட்டினால் லேசான ஈரத்தில் சுவர்போல் செங்குத்தாக நிற்கும். அதைப் பார்த்து இன்னும் ஆழமாக வெட்டத் தோன்றும். ஊறிவிட்டால் அந்தப் பிடி போய்விடும்.

அப்புறம், சரிவின் அடியில் கசியும் ஊற்றைச் சிமெண்ட் பூசி அடைக்காதீர்கள். உள்ளே தேங்கும் நீர்தான் சரிவைத் தள்ளுகிறது. குழாய் பதித்து அதை வெளியே விடுங்கள். தெளிந்து ஓடிய ஊற்று கனமழையில் திடீரென்று கலங்கினாலோ, சட்டென்று நின்றுபோனாலோ, காரணத்தை ஆராய்ந்துகொண்டு நிற்காமல் கீழே இருப்பவர்களை முதலில் வெளியேற்றுங்கள்.