பால்கனிச் செடி வாங்கும் முன் வெயிலைப் பாருங்கள்

செடி வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "உங்கள் பால்கனிக்கு வெயில் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது?" என்பதுதான். பலருக்குத் தெரிவதில்லை. ஒரு விடுமுறை நாளில் மணிக்கொரு முறை எட்டிப் பார்த்து, வெயில் விழும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். எதிர்க் கட்டடத்தின் நிழல் எங்கே விழுகிறது என்பதும் தெரிந்துவிடும். பருவம் மாறினால் வெயிலும் இடம் மாறும் என்பதால், சில மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.

அப்புறம், பூச்செடியோடு ஆரம்பிக்காதீர்கள். பூ வரும், போகும். மற்ற நாட்களில் கண்ணுக்கு நிறைவாக இருப்பது இலைதான். முதலில் வருடம் முழுக்கப் பசுமையாக நிற்கும் இரண்டு மூன்று செடிகளை வையுங்கள். வெளிச்சம் மட்டும் வந்து நேர் வெயில் வராத இடமா? மருள், மணி பிளான்ட், டிரசீனா போதும். குரோட்டன்ஸுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். நிழலில் அதன் சிவப்பும் மஞ்சளும் மங்கி, புது இலைகள் பச்சையாகவே வரும்.

இனி பூவுக்கு வருவோம். தினமும் ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் இருந்தால் காகிதப்பூ, செம்பருத்தி, மல்லி, அடீனியம், நித்தியகல்யாணி எல்லாம் வைக்கலாம். வெயில் அவ்வளவு இல்லையென்றால் மல்லிக்கு ஆசைப்படாதீர்கள். கொடி நீளும், மொட்டு வராது. அந்த இடத்துக்குப் பீஸ் லில்லி நல்லது, நிழலிலும் வெள்ளையாகப் பூக்கும்.

காகிதப்பூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த செடி. தினமும் தண்ணீர் ஊற்றினால் இலையாகத் தழைத்துக்கொண்டே போகும். மேல்மண் நன்றாகக் காய்ந்து, இலை லேசாகத் துவளத் தொடங்கும்போது ஊற்றுங்கள். தொட்டியும் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும். நாம் பூ என்று ரசிக்கும் அந்த வண்ண இதழ்கள் உண்மையில் இலைகள்தான். நடுவில் சின்னதாக, வெள்ளைக் குழல் மாதிரி இருப்பதுதான் பூ. பூத்து ஓய்ந்ததும் நுனிகளை வெட்டிவிடுங்கள், புதுக் கிளையில் மறுபடி பூக்கும். மல்லிக்கும் செம்பருத்திக்கும் இதே வைத்தியம்தான்.

இட்லிப்பூ வைக்க ஆசையென்றால் முதலில் உங்கள் தண்ணீரைப் பாருங்கள். அதற்குச் சற்று அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். உப்புத் தண்ணீரையே தொடர்ந்து ஊற்றினால் இளம் இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போவதால் வருவது இது. மழைத்தண்ணீர் பிடித்து ஊற்ற முடிந்தால் ரொம்ப நல்லது.

உயரமான மாடியென்றால் காற்றையும் கணக்கில் வையுங்கள். மெல்லிய பெரிய இலைகள் கிழியும், மண்ணும் சீக்கிரம் காயும். அங்கே அடீனியம் மாதிரி தடித்த தண்டுள்ள செடிகள் தாங்கும். நனைந்த மண் நல்ல கனம் என்பதால், மண்ணோடு தேங்காய்நார்க் கழிவு கலந்தால் எடை குறையும். கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்கவே வேண்டாம், கீழே நடப்பவர்களின் தலை முக்கியம்.

குழந்தையோ பூனையோ வீட்டில் இருந்தால் அரளி வேண்டாம், கொடிய நஞ்சு. மணி பிளான்ட், பீஸ் லில்லி இலைகளைக் கடித்தாலும் வாய் எரியும், அவற்றை எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள்.

செடி வாங்கும்போது, நிறையப் பூத்திருப்பதை விட்டுவிட்டு மொட்டு அதிகமுள்ளதை எடுங்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்பு இடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. எவ்வளவு அழகான செடியானாலும் வாங்காதீர்கள். வாங்கியதையும் ஒரு வாரம் மற்ற தொட்டிகளிடமிருந்து தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு சேருங்கள்.