குடும்பச் சண்டையைப் படமாக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

போன மாதம் ஒரு புது இயக்குநர் தன் முதல் படத்தின் ரஷ்ஷை, அதாவது எடிட் செய்யாத காட்சிகளை, கொண்டுவந்து போட்டுக் காட்டினார். முகம் கொடுத்துப் பேசாத அண்ணன் தம்பி, கடனை மறைக்கும் அப்பா, எல்லாருக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருக்கும் அம்மா. சிரிப்பும் அழுகையும் கலந்த நல்ல கதை. குடும்பமே உட்கார்ந்து சாப்பிடும் காட்சி வந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 12 வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு.

பேட்டரியை சார்ஜ் போட மறப்பது மாதிரி விஷயங்களை இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் ஒரு தடவை பட்டால் தெரிந்துவிடும். எடிட்டில் உட்காரும்வரை கண்ணுக்குத் தெரியாத தவறுகள்தான் ஆபத்து.

எல்லாரையும் காமெடியன் ஆக்குவது

2006இல் வந்த ‘லிட்டில் மிஸ் சன்ஷைன்’ படத்தில் அப்பா தன் ஒன்பது படி வெற்றித் திட்டத்தை மனதார நம்புகிறார். மகன் பேசுவதில்லை என்று சபதம் எடுத்து எல்லாவற்றையும் தாளில் எழுதிக் காட்டுகிறான். சின்னப் பெண்ணுக்கு அழகிப் போட்டிதான் உலகம். ஒவ்வொருவரும் தன் காரியத்தில் அவ்வளவு தீவிரமாக இருப்பதால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. உங்கள் சித்தப்பா பாத்திரம் சிரிக்க வைக்க மட்டுமே வருகிறார் என்றால், முதலில் அவருக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள்.

எல்லாரையும் ஒன்றாகப் பேசவிட்டு குளோசப் எடுப்பது

என் படத்தில் ஏழு பேர் சாப்பிடும் காட்சி. இரண்டு இரவு எடுத்தோம். “வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசுங்கள், ஒருத்தர் மேல் ஒருத்தர் ஏறிப் பேசலாம்” என்று நடிகர்களிடம் சொன்னேன். எல்லாரும் ஃபிரேமில் தெரிய காட்சி முழுவதையும் எடுக்கும் மாஸ்டர் ஷாட் பிரமாதமாக வந்தது. அப்பாவும் மகனும் கத்திக்கொண்டிருக்கும்போது, அம்மாவாக நடித்தவர் கரண்டியோடு குனிந்து “ரசம் ஊத்தட்டுமா?” என்றார். யூனிட்டே சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது. அதே உற்சாகத்தில் குளோசப்பையும் அப்படியே எடுத்தோம்.

எடிட்டில் உட்கார்ந்தபோதுதான் விளங்கியது. இருந்தது ஒரே கேமரா, கழியில் கட்டித் தலைக்கு மேல் பிடிக்கும் ஒரே பூம் மைக். அம்மாவின் குளோசப்பில் மைக் அவரைப் பார்த்து இருக்கிறது. ஃபிரேமுக்கு வெளியே அப்பா கத்துவது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல அம்மாவின் வசனத்தின் மேலேயே விழுந்திருக்கிறது. அங்கே வெட்டி அப்பாவின் குளோசப்புக்குப் போனால், அந்த டேக்கில் அவர் அரை வினாடி தள்ளிப் பேசியிருக்கிறார். சொன்ன வார்த்தையே திரும்ப வருகிறது, அல்லது பாதியில் அறுந்து போகிறது. எந்த வசனத்தையும் இடம் மாற்ற முடியவில்லை, சுருக்க முடியவில்லை.

கடைசியில் காட்சி முழுவதையும் டப்பிங் செய்தோம். கையில் இருந்த பணத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்தது. அந்த அம்மா மைக் முன்னால் நின்று “ரசம் ஊத்தட்டுமா?” என்பதைப் பத்தொன்பது முறை சொன்னார். வார்த்தை வந்தது, அந்தக் குரல் வரவில்லை. எதிரே இலை இல்லை, கையில் கரண்டி இல்லை, சண்டை போடும் புருஷனும் பிள்ளையும் இல்லை, பிறகு எப்படி வரும்? தியேட்டரில் அந்த இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. இன்று நினைத்தாலும் ஆத்திரமாக இருக்கிறது.

மாஸ்டர் ஷாட்டில் எப்படி வேண்டுமானாலும் பேசவிடுங்கள். ஆனால் குளோசப்பில் ஃபிரேமில் இருப்பவர் மட்டும் அவர் வசனத்தைச் சுத்தமாகச் சொல்லட்டும். எதிரே இருப்பவர் ஒரு மூச்சு இடைவெளி விட்டுப் பதில் சொல்லட்டும். நடிகர்களுக்கு இது செயற்கையாக இருக்கும், முணுமுணுப்பார்கள். பரவாயில்லை. ஒருவர் மேல் ஒருவர் பேசுவதை எடிட்டர் பிறகு கட்டிக்கொள்வார்.

இல்லை, நிஜமாகவே ஒன்றாகப் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. ஒவ்வொருவருக்கும் சட்டையில் மாட்டும் தனி லேப்பல் மைக், அவர் குரல் மட்டும் பதிவாகத் தனி டிராக், குறைந்தது இரண்டு கேமரா. அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ஆல்ட்மன் 1975இல் வந்த ‘நாஷ்வில்’ படத்துக்கு நடிகர்களுக்குத் தனித்தனியாக மைக் மாட்டி 8 டிராக்கில் பதிவு செய்தார். அந்தப் படத்தில் எல்லாரும் சும்மா சளசளவென்று பேசுவது போலத் தெரியும். அதற்குப் பின்னால் அத்தனை ஏற்பாடு இருக்கிறது. ஒரு பூம் மைக்கை வைத்துக்கொண்டு அதை முயற்சி செய்யாதீர்கள்.

இலையில் என்ன இருந்தது

ஒரு ஷாட்டில் ரசம் சாதம், அடுத்த ஷாட்டில் மறுபடி சாம்பார். ஒவ்வொரு டேக் முடிந்ததும் இலையைப் போட்டோ எடுக்க ஓர் உதவி இயக்குநரை வைத்துவிடுங்கள். அப்பளத்தை மட்டும் வசனத்துக்கு நடுவில் கடிக்கவே விடக்கூடாது.

ஃப்ரிட்ஜ் சத்தம்

நிறுத்திவிடுங்கள். வண்டிச் சாவியை அதற்குள் வைத்தால், போகும்போது மறக்காமல் மறுபடி போடுவீர்கள்.

இசையால் சிரிக்க வைப்பது

வேண்டாம்.

ஒலியில்லாத 30 வினாடி

ஆட்கள் கலைவதற்கு முன்னால் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த அறையின் வெற்றுச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அதுதான் துணி.

அந்த இயக்குநருக்கு இன்னும் 2 நாள் படப்பிடிப்பு பாக்கி இருந்தது. வீடு கையில் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். குளோசப்பை மட்டும் திரும்ப எடுங்கள், சாம்பாரை இன்றே வைக்கச் சொல்லுங்கள் என்று அனுப்பினேன்.