புதிய வரவுகளை வாசகர் கண்ணில் படவைப்பது எப்படி?

கிளை நூலகத்திற்குப் புதிய நூல்கள் வந்து சேர்ந்ததும், அவற்றைப் பதிவேட்டில் ஏற்றி, முத்திரையிட்டு, பொருள்வாரியாக அடுக்க உதவும் பகுப்பெண் எழுதி முடித்த கையோடு அடுக்குகளில் செருகிவிடாமல், இரண்டு மூன்று வாரங்களுக்காவது நுழைவாயிலுக்கு அருகே தனி மேசையில் முகப்பட்டை தெரியுமாறு நிறுத்தி வையுங்கள். முதுகு மட்டும் தெரியும் நூலை, அதன் பெயரை முன்பே அறிந்தவர்தான் தேடி எடுப்பார். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலகவியல் விதிகளில், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பதும் ஒன்று. அந்த வாசகரைத் தேடும் பொறுப்பு நூலகத்தினுடையது.

கரும்பலகையில் தலைப்புகளை மட்டும் அடுக்காமல், ஓரிரு நூல்களைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். போட்டித் தேர்வு நூல்களுக்கு அறிமுகமே தேவையில்லை. அவை மேசைக்கு வருமுன்பே கைமாறிவிடும். கவிதையும் சிறார் நூல்களும்தான் ஆதரவின்றிக் கிடக்கும்.

வாசகர் வட்டக் கூட்டத்தை ஞாயிறு காலையில் நடத்துவதாயின், அது நூலகத்தின் வேலை நாள்தானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். நவம்பர் 14 முதல் 20 வரையிலான தேசிய நூலக வாரத்தில் பள்ளி மாணவர்களை அழைத்து, அவர்கள் விரும்பிய புதிய நூலிலிருந்து ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்லலாம். பேச்சுப் போட்டியைவிட இதற்குக் கூச்சமுள்ள பிள்ளைகளும் முன்வருவார்கள்.